நடந்தவை என்ற கட்டம்

சின்ன உப்போடை,
மட்டக்களப்பு.
12 ஜனவரி 2025

அன்புள்ள லில்லியன் அக்காவுக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஓர் எழுத்துப் பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் கிடக்கின்றன. சம்மட்டி பிடித்த கைக்குள் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்துக்கு ஒரு கிழமை, முழு ஏழு நாள், பிடித்தது. ஆனால் முழுக்க நான் எழுதியது. பெறாமகள் பிறெண்டாவும் பக்கத்தில் இல்லை. எழுபத்தொரு வயதில் உங்கள் தம்பி கடிதம் எழுதுகிறான் அக்கா!

கிளினிக்கில் செவ்வாய்க்கிழமைகளில் நிஸ்றா என்ற பிள்ளை எங்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார். ஊசி போட வருகிறவர்கள் வாங்கில் சும்மா குந்தியிருக்கிறார்களே என்று தொடங்கியது. ஒன்றரை வருடம் ஆயிற்று. இப்போது என்னால் தெருவில் ஒழுங்காக நடக்க முடிவதில்லை. நின்று நின்று எல்லாப் பலகையையும் வாசிக்கிறேன். "இங்கே குப்பை போட வேண்டாம்" என்று சேர்ச் மதிலில் இத்தனை வருடமாக எழுதிக் கிடந்திருக்கிறது. நான் உலைச் சாம்பலை அங்கேதான் கொட்டி வந்தேன்.

இன்னொரு சந்தோசமும் உண்டு. இரும்படித்த என் காதில் டெலிபோன் ஏறாது. நீங்கள் சொல்வதைப் பிறெண்டா கேட்டு என் காதில் கத்துவாள். ஒழுங்கை முழுக்கக் கேட்கும். இனி நாம் இரண்டு பேரும் மட்டும் கதைக்கலாம். அதனால்தான் இதைக் கேட்கத் துணிந்தேன்.

கிளினிக்குக்குக் கேதீஸ்வரி என்று புது டொக்டர் வந்திருக்கிறார். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளை. உலகத்து வைத்தியர்கள் கூடி மனநோய்களின் பெயர்ப் புத்தகத்தைத் திருத்திவிட்டார்களாம். என் நோய்க்கு உளப்பிளவை என்று பெயர். அதில் முன்பு நாலைந்து கிளைகள் இருந்தனவாம். நான் "சிதறிய வகை" என்ற கிளையில் முப்பத்தைந்து வருடம் இருந்திருக்கிறேன். புதுப் புத்தகத்தில் அந்தக் கிளைகளை எல்லாம் வெட்டிவிட்டார்கள்.

"அப்ப நான் கீழ விழுந்திட்டனா டொக்டர்?" என்று கேட்டேன்.

"விழல்ல ஐயா. இனி எங்க வைக்கிறெண்டு பாக்கத்தான் கூப்பிட்டன்" என்றார்.

பழைய இலக்கத்தை வெட்டிப் புது இலக்கம் போட்டால் அவருடைய வேலை முடிந்துவிடும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொருவருடைய கோவையையும் முதல் தாளிலிருந்து வாசித்து, தமிழில் ஒரு பக்கம் எழுதி, "வாசிச்சுப் பாருங்க, பிழையெண்டா சொல்லுங்க" என்று கையில் தருகிறார். மற்றவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் அந்த வாங்கிலேயே இருந்து வாசித்தேன்.

அதில் "நோய்க்குறிகள்" என்று ஒரு கட்டம், "வாழ்க்கையில் நடந்தவை" என்று ஒரு கட்டம். நடந்தவையில் இரண்டே விஷயம்: இரும்பு வேலை, கலியாணம் செய்யவில்லை. மற்றக் கட்டம் நிறைந்து கிடந்தது. அதில் இப்படி ஒரு வரி: "இல்லாத மொழி ஒன்றைத் தானே உருவாக்கிப் பேசுகிறார். 1990 முதல் தொடர்கிறது."

நான் எந்த மொழியை உருவாக்கினேன் அக்கா? எனக்கு ஆனா ஆவன்னாவே இப்போதுதான் வந்தது.

யோசித்துப் பார்த்தேன். நோவு வந்தால் எனக்கு அம்மாவின் பேச்சுத்தானே வரும். மாதா மாதம் ஊசி ஏறும்போது வாய்க்குள், போர்த்துக்கீசர் விட்டுப்போன நம் பறங்கிப் பாஷையில் திட்டுவேன். அதைக் கேட்ட ஒவ்வொரு டொக்டரும் முன் தாளைப் பார்த்து "தொடர்கிறது" என்று எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் டொக்டர் கேதீஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டார்.

1990இல் என்னைக் கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் கட்டிலடியில் இருந்ததும் நீங்கள். நான் எத்தனை நாளில் தெளிந்தேன்? மூன்று மாதத்துக்குள் தெளிந்து, பிறகு திரும்ப வரவில்லை என்றால் என் நோயை வேறு பெயரில் வைக்கலாமாம். "திடீரென வந்து நீங்கும் உளமாய நோய்." அங்கே இருந்த ஒருவர் எழுதித் தந்தால் மே மாதக் கூட்டத்தில் மற்ற டொக்டர்மாருக்குக் காட்டுவாராம்.

அந்தக் கட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. "மனிதர்களின் காலுக்கு இரும்பு வளையம் அடித்ததாக நம்புகிறார்." அது எனக்குத் தெரிந்ததுதான். "அது நடக்கவில்லை, அது நோய்" என்று சொல்லும்படி அந்தக் காலத்திலேயே பழக்கினார்கள். இப்போதும் கண்ணுக்குள் வந்தால் அப்படிச் சொல்லிக்கொள்வேன். போய்விடும்.

ஆனால் அக்கா, எந்த நினைவு வந்தாலும் அது நடந்ததா, நோயா என்று யாரிடமாவது கேட்டுத்தான் நம்புகிறேன். என் தலைக்குள் கிடப்பதில் எது என்னுடையது என்று சாகமுன் எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் தம்பி,
வில்லியம்


மெல்பேண்
3 பெப்ரவரி 2025

அன்புத் தம்பி வில்லியம்,

உறையைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை அனுப்பியது என்று நினைத்தேன். உள்ளே உன் பெயரைக் கண்டதும் அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவிக்கும் காட்டினேன். அவளுக்குத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றுதான், ஆனால் அவளும் அழுதாள்.

உன் டொக்டரிடம் சொல்லு. அது இல்லாத மொழி இல்லை. அம்மாவும் அப்பாவும் பேசிய மொழி. ஆஸ்பத்திரி வாட்டில் நீ பேசியது அதுதான். அங்கிருந்த டொக்டர் நல்ல மனிதர், ஆனால் எங்கள் பக்கம் தெரியாதவர். "இது என்ன பாஷை?" என்று என்னைக் கேட்டார். நான் தெரியாது என்றேன். வெட்கம்தான் காரணம். இங்கிலிஷ் கதைக்கும் பறங்கியர் என்று நினைக்கட்டும், பட்டறைப் பேச்சுப் பேசுகிறவர்கள் என்று நினைக்க வேண்டாம் என்றிருந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு இத்தனை வருடம் நீ ஊசி வாங்குவாய் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

நீ ஏழு கிழமையில் தெளிந்தாய். ஜூலைக் கடைசியில் கொண்டுபோனேன். செப்டம்பர் நடுவில் ஒரு காலை நீயே எழும்பி உன் சேட்டைத் தோய்த்துக் காயப்போட்டாய். அந்த வாட்டில் தினமும் பருப்பும் வாழைக்காயும்தான். "அக்கா, இன்னும் ஒரு வாழைக்காய் தந்தா நான் மறுகா பைத்தியமாகிருவன்" என்று சொன்னாய். அன்றுதான் எனக்கு நிம்மதி வந்தது. அதன் பிறகு உனக்கு ஒருநாளும் வரவில்லை. இதையெல்லாம் டொக்டருக்குத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

வளையம் பற்றி ஒன்றுமில்லை. அது நோய். அதைக் கிளறாதே.

இங்கே வெயில். என் முழங்கால் அப்படியேதான்.

அக்கா


சின்ன உப்போடை
24 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நானே உடைத்து நானே வாசித்தேன். வாழைக்காய் வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறெண்டா ஓடிவந்து, "என்ன பெரியப்பா, தனிய சிரிக்கிறீங்க? டொக்டருக்குச் சொல்லட்டா?" என்று வெருட்டினாள். இந்த வீட்டில் நான் தனியாகச் சிரிக்கவும் ஏலாது.

டொக்டர் உங்கள் தாளை இரண்டு தரம் வாசித்தார். ஏழு கிழமை என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்கட அக்காவுக்கு அந்தப் பாஷை நல்லாத் தெரியும். ஏழு கிழமை கட்டிலடியில இருந்திரிக்கா. நீங்க சொன்னதெல்லாம் அவவுக்கு விளங்கியிரிக்கும். வெட்கமெண்டா ஒரு நாளைக்குத் தெரியாதெண்டு சொல்லலாம். ஏழு கிழமையுமா ஐயா?"

அன்று வீட்டுக்கு நேரே வராமல் வாவிக் கரையால் சுற்றி வந்தேன். அடுத்த நாளும் சுற்றினேன். இருக்க முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் பட்டறைக்குள் போய்ப் பழைய இரும்புக் குவியலைக் கிளறினேன். அடியில், துருத்திக்குப் பின்னால், அடித்து முடிக்காத ஒரு வளையம் கிடந்தது. கறள் பிடித்திருந்தாலும் என் சம்மட்டித் தழும்பு எனக்குத் தெரியும். மாட்டுக் காலுக்கு அது சிறிது. படகு கட்ட அதில் கயிறு போகும் கொளுக்கி இல்லை. பூட்டுப் போட இடமில்லை, ஆணி அடித்து மூட மட்டும் இரண்டு துளை. கதிரையில் இருந்து என் கணுக்காலில் வைத்துப் பார்த்தேன்.

அளவாக இருந்தது அக்கா.

நோய்க்கு இரும்பு அடிக்கத் தெரியுமா? வாட்டில் நான் என்ன சொன்னேன்?

வில்லியம்


மெல்பேண்
14 மார்ச் 2025

தம்பி,

அதை எடுத்து வாவியில் போடு. பிறெண்டாவிடம் காட்டாதே.

எனக்கு எழுபத்தைந்து வயது. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய புலம்பல் எனக்கு நினைவில்லை. உனக்கு நல்ல பெயர் கிடைக்கப் போகிறது. பிறகு என்ன? கிடைப்பதை வாங்கிக்கொண்டு சும்மா இரு.

இதைப் பற்றி இனி எழுதாதே. வேறு எதையாவது எழுது. அங்கே மழை பெய்ததா?

லில்லியன்


சின்ன உப்போடை
1 ஏப்ரல் 2025

அக்கா,

மழை பெய்தது.

வாட்டில் வாழைக்காய் போட்டது உங்களுக்கு நினைவிருக்கிறது. நான் சேட்டுத் தோய்த்த காலை நினைவிருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பது மட்டும் நினைவில்லை.

இரும்பை வாவியில் போடவில்லை. என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அதைக் கையில் எடுத்தால் அம்மாவின் பேச்சில் வாய் தானாகச் சொல்கிறது: "ஏவ் ஜாபசே." நான் செய்தேன். நான் செய்தேன். அதற்குப் பின்னால் ஓர் ஆண் குரல் வருகிறது. அது தமிழில். "சூடு படாம அடிடா வில்லியம்." தெரிந்த குரல். முகம் வருவதற்குள் நானே பழக்கத்தில் "அது நோய்" என்று சொல்லி மூடிவிடுகிறேன்.

டொக்டர் இப்போது கிழமைக்கு ஒரு தரம் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கிறார். "பயமா இரிக்கா ஐயா?" என்று கேட்டார். பயம்தான். திரும்ப வருகிறதோ என்று பயம். வராமல் இது உண்மையாக இருந்துவிடுமோ என்று அதைவிடப் பயம்.

நோய் என்றால் நோய் என்று எழுதுங்கள். நான் நம்புவேன், மேற்கொண்டு கேட்க மாட்டேன். ஆனால் அம்மாவின் மேல் சத்தியம் பண்ணி எழுதுங்கள்.

வில்லியம்


மெல்பேண்
22 ஏப்ரல் 2025

என் தம்பி,

உயிர்த்த ஞாயிறுப் பூசைக்குப் போய், உள்ளே போகாமல் வெளியில் நின்றுவிட்டு வந்தேன். அம்மாவின் மேல் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அது நோய் இல்லை.

1990 ஜூலையில் ஆயுதக்காரர் பட்டறைக்கு வந்தார்கள். எந்தப் பக்கத்தார் என்று இப்போதும் எழுத மாட்டேன். கம்பியை அவர்களே கொண்டுவந்தார்கள். தோணி கட்ட என்றார்கள். நீ ஏழு சோடி அடித்தாய். முதலாவது வளையத்திலேயே உனக்குச் சந்தேகம். அதைப் பாதியில் எறிந்துவிட்டு, "இது தோணிக்கில்ல" என்று என்னிடம் வந்து சொன்னாய். "வாய மூடிக்கிட்டு அடி" என்று சொன்னது நான். நீ கண்டெடுத்தது அந்த வளையமாகத்தான் இருக்கும்.

பிறகு ஆணியைக் காய்ச்சி அடித்து மூட உன்னையே தோணியில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். வயல் வட்டைக்குள் ஒரு நெல்லுக் களஞ்சியம். ஏழு பேர். ஏழாவது ஆள் எங்கள் ஒழுங்கை இராயப்பு. செசீலியாவின் புருஷன். நீ கேட்கும் குரல் அவனுடையது. ஏழு பேரில் ஒருவரும் பிறகு திரும்பி வரவில்லை.

நீ திரும்பி வந்த நேரம் செசீலியா எங்கள் குசினியில் இருந்தாள். இரண்டு நாளாக ஆளைக் காணவில்லை என்று அழுதுகொண்டிருந்தாள். நீ வாசலில் நின்றபடி அவளைப் பார்த்தாய். அவளுக்கு விளங்கக் கூடாது என்று எல்லாவற்றையும் என்னிடம் அம்மாவின் பேச்சில் சொன்னாய். சொல்லி முடித்த பிறகும் நீ நிறுத்தவில்லை. அன்றிலிருந்து உன் வாயில் தமிழ் வரவில்லை. சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, சுவரில் சம்மட்டிச் சத்தம் கேட்கிறது என்றாய். நோய் வந்தது உண்மை தம்பி. ஆனால் நோய் பிறகுதான் வந்தது.

வாட்டில் ஏழு கிழமையும் நீ பெயர் பெயராகச் சொன்னாய். வந்தவர்களின் பெயரையும் சொன்னாய். டொக்டர் என்ன பாஷை என்று கேட்டபோது நான் சொல்லியிருந்தால் அடுத்துக் கருத்தைக் கேட்பார். கேட்டால் எழுதுவார். எழுதியது யாருடைய கையில் போகுமென்று யாருக்குத் தெரியும்? நீ தமிழில் பேசத் தொடங்கி வளையத்தைச் சொன்னபோதும், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று நான்தான் சொன்னேன். பைத்தியக்காரன் சொல்வதற்காக யாரும் ஆளைச் சுட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பெயரை உனக்கு வைத்தது டொக்டர் இல்லை. நான்.

யுத்தம் முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம் என்பாய். "அது நோய்" என்று சொல்லிச் சொல்லி நீ சோறு தின்றாய், நித்திரை கொண்டாய். அதைப் பிடுங்கிவிட்டு உனக்கு எதைத் தருவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் செசீலியா எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தாள். ஒருநாள் பூசையில் சமாதானம் சொல்லக் கை நீட்டினாள். அந்த வருடமே இங்கே வர விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.

இந்தத் தாளை டொக்டரிடம் கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம்.

லில்லியன்


சின்ன உப்போடை
14 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தரம் எழுத்து இன்னும் மோசமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை ஒன்பது நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். முதல் மூன்று நாள் உங்கள் மேல் கோபம். பிறகு கோபத்தை வைக்க இடமில்லை. இராயப்புவின் முகம் வந்துவிட்டது. நான் "அது நோய்" என்று சொல்லிப் பார்த்தேன். போகவில்லை.

தாளை டொக்டரிடம் கொடுத்தேன். அவர் வாசித்து முடித்து, எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத நான் கூட்டத்தில வாசிக்கட்டா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்" என்றார். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இல்லாமல் வாசிக்கச் சொன்னேன்.

கூட்டம் முடிந்தது. எனக்குப் புதுத் தாள் தந்தார்கள். உளப்பிளவை இல்லை. திடீரென வந்து நீங்கிய உளமாய நோய், ஒரு தரம், ஏழு கிழமை. மொழி பற்றிய வரியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் "தாய்மொழி: இலங்கைப் போர்த்துக்கீசம், தமிழ்" என்று இருக்கிறது. ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம்.

"ஒரேயடியா நிப்பாட்டிப் போட்டு வந்தீங்களெண்டா பேசுவன். பேர் மாறினாலும் வந்த நோய் வந்ததுதான்" என்றார் டொக்டர்.

"ஊசி குறைஞ்சா நான் எப்ப திட்டுற?" என்று கேட்டேன்.

"இப்பவே திட்டுங்க, நான் எழுத மாட்டன்" என்றார்.

பிறகு வளையத்தின் வரி. அதை நோய்க்குறிகள் கட்டத்திலிருந்து வெட்டிவிட்டார். ஆனால் வேறு எங்கும் எழுதவில்லை. பேனாவை என் பக்கம் நீட்டினார். வாழ்க்கையில் நடந்தவை என்ற கட்டத்தில், இரும்பு வேலை, கலியாணம் செய்யவில்லை என்பவற்றுக்குக் கீழே, நானே எழுதினேன். "1990இல் ஏழு பேரின் காலுக்கு வளையம் அடித்து மூடினேன்." பிறகு கையெழுத்து வைத்தேன். அந்தக் கோவையில் மற்ற எல்லா இடத்திலும் என் பெருவிரல் மைதான் அக்கா.

வீட்டுக்கு வந்து செசீலியா மச்சாளுக்கு ஒரு பக்கம் எழுதினேன். வாயால் சொல்லப் போனால் எனக்கு அம்மாவின் பேச்சு வந்துவிடும் என்று பயம். எழுதினால் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். நேற்றுப் பகல் பத்து மணிக்குப் போனேன். அவ முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. தாளை நீட்டினேன்.

"என்னடா வில்லியம், கலியாண அழைப்பா? ஆருக்கு, உனக்கா?" என்று கேட்டா.

நான் சிரிக்கவில்லை. அவ கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. திரும்ப என்னிடமே தந்தா.

"எனக்கு எங்க எழுத்துத் தெரியும்? நீதான் பெரிய படிப்பாளியாம் எண்டு பிறெண்டா சொல்றாள். நீயே வாசி."

அக்கா, நான் வாசித்தேன். நின்றபடியே வாசித்தேன். எனக்கு வேகமாக வாசிக்க வராது என்று உங்களுக்குத் தெரியும். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வரும். இராயப்பு என்ற பெயருக்கு முதல் எழுத்தை நான் சொன்னபோதே அவ குந்திவிட்டா. நான் பெயரை முடிக்கும்வரை அவ காத்திருந்தா. அந்தத் தாள் முழுவதற்கும் அப்படித்தான் காத்திருந்தா. காகம் வந்து மீனைத் தூக்கியது. அவ கலைக்கவில்லை.

முடிந்த பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து ஒரு கேள்விதான் கேட்டா.

"அவருக்குச் சூடு பட்டதா?"

"இல்ல மச்சாள். ஈரச் சாக்குச் சுத்தித்தான் அடிச்சன்."

அவ தலையை ஆட்டினா. அழவில்லை. என்னை ஏசவும் இல்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் வெயிலிலேயே நின்றேன். பிறகு கேட்டா.

"உன்ட அக்காவுக்கு இது தெரியுமா?"

நான் ஓம் என்றேன். பொய் சொல்ல என்னால் முடியவில்லை அக்கா, இப்போதுதான் எனக்கு எது உண்மை என்று தெரிந்திருக்கிறது.

"அப்ப அவவையும் எழுதச் சொல்லு. எனக்கு எழுதச் சொல்லு, உனக்கில்ல. வந்தா நீ கொண்டுவந்து வாசி. அதுவரைக்கும் கிழமைக்கு ஒருக்கா வந்து இதையே வாசி. நீ இழுத்து இழுத்து வாசிச்சதில பாதி எனக்கு விளங்கல்ல."

விளங்கியது என்று எனக்குத் தெரியும். அவவுக்கும் தெரியும்.

அவவின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். எங்கள் ஒழுங்கைதான், உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை, கிளினிக்குக்குப் போகமுன், திரும்பப் போய் வாசிக்க வேண்டும். இந்த முறை தடுக்காமல் வாசிக்க வேண்டும் என்று இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். வாசித்துவிட்டு வந்து, அவ என்ன சொன்னா என்று அன்று பின்னேரமே உங்களுக்கு எழுதத் தொடங்குவேன்.

உங்கள் தம்பி,
வில்லியம்